அப்பாவை யார் தூக்குவது

கலைவாணிக்குக் கருப்பை சும்மா இறங்கவில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்த அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் வருடக்கணக்கில் ஒற்றை ஆளாகத் தூக்கினால் இறங்கத்தான் செய்யும். நடுவே தறியிலும் உட்கார வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பம். புருஷன் போன பிறகு அவளுக்கு அந்த வருமானம்தான். வலியோடுதான் நெய்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இனிமே அவரைத் தூக்கினா நான் ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லை" என்று திட்டி, ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அப்பா பஞ்சாட்சரத்துக்கு வேறு பிள்ளை இல்லாமல் இல்லை. மகன் சபாபதி அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஜரிகைக் கடை, கீழேயும் மேலேயும் அறைகள், திடமான உடம்பு. தினமும் காலையில் தெருமுனைக் கரும்பலகையில் 'இன்றைய சிந்தனை' எழுதுகிறவர். பொறுமை, நன்றி, முதியோர் சேவை என்று மனிதர் நடந்துகொள்ள வேண்டிய விதமெல்லாம் அவருக்கு அத்துபடி. பால் வாங்க வருகிறவர்கள் போனில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள்.

பெற்ற அப்பாவுக்கு ஒரு நாள் வேட்டி மாற்றிவிட்டதில்லை. எப்போதாவது வாழைப்பழத்தோடு வருவார். கிழவர் நெற்றியில் விபூதி பூசிவிட்டுத் தங்கையிடம், "நீ கொடுத்து வச்சவ கலை. இந்தப் புண்ணியம் எல்லாருக்குமா கிடைக்குது?" என்பார். புண்ணியம் அவ்வளவு ருசியானது என்றால் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவதுதானே? மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆபரேஷனைச் சொல்ல அவள் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, பெண்களின் பொறுமையைப் பற்றிப் பேசிக் காபி கொடுத்தார். மறுபடி போனாள். "பாசம் இருக்கிற இடத்துலதான் அப்பாவுக்கு நிம்மதி" என்றார். அதாவது, அவர் வீட்டில் அது இல்லை.

ஞாயிறு காலை கலைவாணி முதலில் அப்பாவைக் கேட்டாள். கேட்காமல் நகர்த்த அவர் என்ன மூட்டையா?

"அண்ணன் வீட்டுக்குப் போலாமாப்பா?"

நாக்குக் குழறினாலும் கிழவர் தெளிவாகச் சொன்னார். "வெயில் ஏறதுக்குள்ள தள்ளிக்கினு போ."

மாத்திரைப் பை, மாற்று வேட்டி, மூத்திர பாட்டில் எல்லாவற்றையும் சக்கர நாற்காலியில் மாட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் சபாபதி சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தார். அன்றைய தலைப்பு, பெற்றோரைப் பேணுதல்!

"கோயிலுக்காம்மா?" என்றான் டீக்கடைப் பாண்டியன்.

"இல்லப்பா. அண்ணன் வீட்டுக்கு. நாளைக்கு எனக்கு ஆபரேஷன், இனிமே நான் தூக்கக்கூடாதாம்."

சபாபதி திரும்பினார். "இதெல்லாம் வீட்ல உக்காந்து பேசணும் கலை."

"வீட்லதாண்ணா பேசின. நான் கேட்டுக்கினுதானே இருந்தேன்?"

"தெருவுல நிக்க வச்சு..."

"அவரு உக்காந்துக்கினுதாங்க இருக்காரு" என்றான் பாண்டியன். "அவசரமில்ல, நீங்க எழுதி முடிச்சுட்டே கூட்டிக்கினு போங்க."

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள். சபாபதி மனிதப் பண்பைப் பற்றி ஏதோ தொடங்கினார். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"சபா. மூத்திரம் வருது."

சபாபதி தங்கையைப் பார்த்தார். அவள் பாட்டிலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இங்க இல்ல. அவருக்கும் வெட்கம் இருக்குது. உன் வீட்டுக்குள்ள கூட்டிக்கினு போ, கதவைச் சாத்து, வேட்டியை விலக்கிப் பிடி. ஒரு நிமிஷத்துக்கு மேல தாங்க மாட்டாரு, ஓடு."

சாக்பீஸைப் போட்டுவிட்டு, 'சிந்தனை' பாதியில் நிற்க, அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

குடும்ப விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்தாளே என்று தெருவில் சில பேர் வாயைப் பிளந்தார்கள். அவள் உடம்பு குலைகிற அளவுக்குத் தூக்கியபோது இந்த வாய்களில் ஒன்றும் திறக்கவில்லை. மானம் போகிறதாம்! கிழவர் முதுகில் புண் வந்திருந்தால் யாருடைய மானத்தை அரைத்துப் பூசுவது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்க ஆரம்பித்ததும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். காபியைத் தொடாமல் அப்பாவைப் புரட்டச் சொல்லி முதுகையும் இடுப்பையும் பார்த்தாள். புண் இல்லை. வலது குதிகால் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

"கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வைண்ணா. குதிகால் மெத்தையில படக்கூடாது."

சபாபதி தலையணை எடுக்கப் போனார்.