ஏனுங்க என்றால் ஏன் அல்ல

ஏற்காட்டுக்கு வந்த முதல் வாரம் முழுக்கப் பதில் சொல்லியே களைத்துப் போனேன். கிளியூர் போகும் வழியில், ஒரு விடுதிக்குப் பின்னால் சரிவை வெட்டிக் கருங்கல்லில் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னுடையது வேலையும் படிப்பும் சேர்ந்த கட்டுமானப் பட்டப்படிப்பு. வாரநாட்களில் சைட், சனிக்கிழமை சேலத்தில் வகுப்பு. பையைக் கீழே வைத்தால் மேஸ்திரி "ஏனுங்க!" என்பார். பை கனமாக இருக்கிறது என்பேன். குடையை விரித்தால் மறுபடியும் "ஏனுங்க!" சிறுவயதிலிருந்தே எனக்குச் சளித் தொல்லை, தூறல் ஒத்துக்கொள்ளாது என்று விளக்குவேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க, கொஞ்சம் நகந்துக்குங்க, கம்பி வருது" என்பார்.

எங்கள் ராமநாதபுரம் பக்கம் "ஏங்க" என்று மனைவி கணவனைக் கூப்பிடுவாள். "ஏனுங்க" என்று ஒருவர் நிதானமாக இழுத்தால் காரணம் கேட்கிறார் என்றுதானே தோன்றும்? இங்கே அது யாரையும் மரியாதையாகக் கூப்பிடும் சொல் என்று எனக்குத் தெரிவதற்குள், என் சளியின் வரலாறு சைட் முழுக்கப் பரவிவிட்டது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கேள்வி கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊர் குடத்தோடு தண்ணீரைத் தேடி அலைகிற ஊர். இங்கேயோ தண்ணீரை வெளியே அனுப்புவதற்காகச் சுவரில் வரிசையாகப் பைப் பதிக்கிறார்கள். எதற்கு என்று மேஸ்திரியைக் கேட்டேன். "உள்ள தண்ணி நின்னுச்சுன்னா செவுத்தையே தள்ளிப்போடுங் கண்ணு" என்றார். எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளில், எந்தப் பக்கம் என்று நான் அவரை விடவில்லை.

சைட் இன்ஜினியர் சேலத்துக்காரர். எப்போதும் அவசரத்தில் இருப்பவர். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்களுக்குப் பதில் சொல்லியே வேலை நிக்குதுங்க. இந்த மாசம் பாக்கறன். அப்பறமும் இப்படித்தான்னா சேலம் ஆபீஸ்ல உக்காந்து டிராயிங் போடுங்க" என்றார்.

பட்டம் எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் ஒரு சுவர் நனைவதைக்கூடப் பார்க்காமல் சுவர் வரைந்துகொண்டிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. வாயைக் கட்டிப்போட்டேன். அந்த நாட்களில் எனக்கு எந்த வேலையும் பிடிக்கவில்லை.

மாதக் கடைசியில் சுவருக்குப் பின்னால் மண் கொட்ட ஆரம்பித்தார்கள். கொட்டிவிட்டால் பிறகு பின்பக்கத்தை யாரும் பார்க்க முடியாது. டிப்பர் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. சுவரின் பைப்புகளில் எல்லாம் தண்ணீர் சொட்டியது. நடுவில் ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது. "ஏனுங்க?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டு நீளமாக, சத்தமாக வந்தது. சத்தியமாக நான் கேட்டது அந்தப் பைப்பைத்தான். ஆனால் சைட்டே திரும்பியது. மேஸ்திரி கையைத் தூக்கினார். லாரி பிரேக் போட்டு நின்றது.

"சொல்லுங்க கண்ணு!" என்றார் மேஸ்திரி.

இன்ஜினியர் ஓடிவந்தார். "லாரிய நிறுத்துனது யாருங்க?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பைப்பைக் காட்டினேன். "இது மட்டும் ஏன் சார் காஞ்சிருக்கு? அடைச்சிருக்குமோ?"

"எறங்கிப் பாருங்க. ஒண்ணும் இல்லைன்னா திங்கக்கெழம ஆபீஸ்தான்."

சுவருக்கும் சரிவுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் இறங்கினேன். கணுக்கால்வரை சேறு. பைப்புக்குள் ஒரு கம்பியை விட்டதும், அந்தப் பக்கம் மேஸ்திரி "வந்துருச்சுங்க!" என்று கத்தினார். பைப்பில் ஒரு குறையும் இல்லை. அதன் வாய்க்கு முன்னால் பாறை கொஞ்சம் மேடாக இருந்ததால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து போனது. விஷயம் அவ்வளவுதான்.

"பாத்தாச்சுங்களா? மேல வாங்க" என்றார் இன்ஜினியர். லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

ஏறத்தான் போனேன். ஆனால் தண்ணீரின் குளிரில் கால் விறைத்தது. அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று கேட்டேவிட்டேன்.

"சார், மழை நின்னு ஒரு வாரமாச்சு. அப்ப இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

திட்டுவதற்காகத் திறந்த வாயோடு அவர் மேலே பார்த்தார். காப்பிச் செடிகள், அதற்கு மேல் பனிமூட்டம்.

"தெரியலைங்களே" என்றார்.

கல்லூரியில் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த நிமிடம் எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் இறங்கினார். இருவரும் சரிவில் வெட்டியிருந்த மண்ணைத் தடவிக்கொண்டே போனோம். ஒரு வேருக்குப் பின்னால், பாறையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதிலிருந்து சத்தமே இல்லாமல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்தார். நானும் வைத்தேன். சில்லென்று இருந்தது. ஊற்றா, மேலே யாருடைய தொட்டியாவது கசிகிறதா? டிராயிங்கில் இப்படி ஒன்று இல்லவே இல்லை.

"வண்டிய எடுங்க, இன்னைக்கு மண்ணு வேண்டாம்!" என்று மேலே பார்த்துக் கத்தினார். லாரிக்காரர் பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது.

பிறகு இன்ஜினியர் என் காலைப் பார்த்தார். ஒரு செருப்பைச் சேறு விழுங்கியிருந்தது. எனக்கு அதுவரை தெரியவே இல்லை.

"திங்கக்கெழம பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க."

"ஆபீசுக்கா சார்?" என்றேன்.

"ஆபீசுக்கு எதுக்குங்க பூட்ஸு?"