சக்கரத்துக்குக் கொடுத்த கல்

என் மனைவி லத்தீபாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பதினோரு வருஷமாக அவள் இல்லாமல் என் கார் நகர்ந்ததும் இல்லை. எங்கள் தீவின் லம்பா லைன் பகுதியில் வீடு சரிவில் இருக்கிறது. உப்புக் காற்றில் ஹேண்ட் பிரேக் துருப்பிடித்து ஓய்ந்துவிடும். அதனால் தெருவில் எல்லோரையும் போல முதல் கியரில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிடுவேன். காலையில் ஸ்டார்ட் செய்து, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஹாரன் அடிப்பேன். லத்தீபா குனிந்து கல்லை எடுப்பாள்.

போன மாதம் ஒரு வாரம் சாவி திருப்பினால் சத்தமே இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் முதலில் கல்லை எடுப்பாள், நான் சரிவில் உருட்டிக் கிளப்புவேன். மெக்கானிக் விஜயன் வந்து கிளட்ச் பெடலுக்கு அடியில் தலையை நுழைத்து, டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தான்.

"பேட்டரி டீக், ஸ்டார்ட்டர் டீக், ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கிளட்ச மிதிச்சாத்தான் கரன்ட் விடுற இந்த சுவிட்ச் போயிடுச்சு பாய். மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வரணும், பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா! வண்டூர் கடைக்குச் சரக்க உன் மாமனா கொண்டு போவான்? ரெண்டு வயரையும் சேத்து விடுடா!"

சேர்த்துவிட்டான். "கிளட்ச மிதிக்காம சாவியத் தொடாதீங்க பாய். கியர்ல இருந்தா வண்டி பாஞ்சிடும்."

"எனக்கே பாடமா? சலோ, கிளம்பு" என்றேன்.

மறுநாள் காலை, காதில் போன். வண்டூர் கடைக்காரனோடு சண்டை. ஒரு கால் இன்னும் வெளியே இருக்க, சாவியைத் திருப்பித் தொலைத்தேன். கார் துள்ளியது. முன்னால் ஒரு அலறல்.

ஒரு வாரப் பழக்கத்தில் அவள் ஏற்கெனவே குனிந்திருந்தாள்!

யா அல்லாஹ்! பானெட்டுக்கு மேல் அவள் தலை தெரியவில்லை. போனில் அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

சக்கரம் கல்லில் முட்டி இன்ஜின் அணைந்திருந்தது. லத்தீபா மண்ணில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டா நுனி சக்கரத்துக்கு அடியில். ஒரு கை கல்லின் மேலேயே இருந்தது, விரல்களில் தோல் உரிந்து ரத்தம்.

"மச்சான், நான் இன்னும் கல்ல எடுக்கல" என்றாள், ஏதோ அவள் தப்பு செய்துவிட்டது போல.

அவளே எழுந்து வந்து சாவியை உருவிக்கொண்டாள். அன்றைக்கே விஜயன் அந்த வயரைப் பிடுங்கி எறிந்தான்.

கப்பல் வந்தது, புது சுவிட்சும் மாட்டியாயிற்று. சாவி மட்டும் என் கைக்கு வரவில்லை. தினமும் காலையில் நான் உட்கார்ந்த பிறகு அவள் கதவைத் திறந்து குனிந்து பார்க்கிறாள்.

"பிரேக்ல கால் வையுங்க. காட்டுங்க."

காட்டுகிறேன். போய்க் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, திரும்பி வந்துதான் சாவியைத் தருகிறாள்.