பூஜ்யத்தில் நின்ற கார்டு

தொழிலில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். மேடையில் பேசியவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் அவருடைய அரைமணிப் பேச்சை நான்கு வரிக்குள் நறுக்கிவிடுவாள். முன்பு ஒரு செய்தித் தொலைக்காட்சியில் வீடியோ எடிட்டராக இருந்தபோது யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கணவரும் அங்கேதான் கேமராமேன். தான் உயிரைக் கொடுத்து எடுத்த காட்சியை யார் தூக்கி எறிந்தது என்று கேட்டுக்கொண்டு மாடியிலிருந்த எடிட்டிங் அறைக்கு வந்தவர், அப்புறம் வாரம் தவறாமல் வந்து சண்டை போட்டு, கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். "ஒவ்வொரு சண்டைக்கும் மாடி ஏறி எறங்க முடியல" என்று அதற்குக் காரணம் சொல்வார்.

இருவரும் வேலையை விட்டுவிட்டு, ஒரு சலவைக் கடையின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார்கள். கல்யாணம், பள்ளி விழா, கம்பெனிகளுக்கான சின்னச் சின்னப் படங்கள். அவர் எடுப்பார், அவள் வெட்டி ஒட்டுவாள். பின்னறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, கீழேயிருந்து வரும் இஸ்திரி வாசனைக்கு நடுவே கம்ப்யூட்டர் இருந்தது. ஒவ்வொரு பாகமாக வாங்கி அவரே பூட்டிய கம்ப்யூட்டர் அது.

அதில் கிராபிக்ஸ் வேலைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பிராசஸருக்குள்ளேயே அடங்கிய சின்னது. கடிதம் அடிக்க, படம் பார்க்க அது போதும். மற்றது தனியாகச் செருகிய பெரிய கார்டு. செங்கல் கனம், இரண்டு விசிறி. கனமான வீடியோவை ஓட்டுவதற்கென்றே கல்யாண நாளுக்குப் பரிசாக அவர் வாங்கித் தந்தது. "மத்தவங்க வீட்ல நகை வரும், நம்ம வீட்ல ஃபேன் வச்ச கார்டு வருது" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். உள்ளுக்குள் பெருமைதான். அது வந்த பிறகு வீடியோ தண்ணீர் மாதிரி ஓடியது.

போன வருடம் எப்போதோ அந்த ஓட்டம் நின்றது. காட்சிகள் திக்கித் திக்கி ஓடின. ஒருவர் கையைத் தூக்குவது தெரியும், இறக்குவது தெரியும், நடுவில் ஒன்றும் இருக்காது. அவர்களுடைய கேமராவின் கோப்புகள் எடிட்டிங் மென்பொருளில் மட்டும்தான் திறக்கும் என்பதால் வேறு எதிலும் ஓட்டிப் பார்க்க வழியில்லை. ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று அவள் சொன்ன போதெல்லாம் அவர் தடுத்தார்.

"கேமரா புதுசு, ஃபைல் பெருசு. மெஷின் எவ்வளவுதான் இழுக்கும்? நானே ஒரு நாள் பிரிச்சுப் பாக்கறேன் விடு."

விட்டுவிட்டாள். பாதி காதால் கேட்டும் பாதி அனுபவத்தாலும் வெட்டப் பழகிக்கொண்டாள். அவள் முடித்ததும் அவர் உட்காருவார். இறுதிப் படமாக மாற்றி வாடிக்கையாளருக்கு அனுப்புகிற வேலையைத் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "உனக்குக் கழுத்து வலிக்குது, இதையாவது நான் செய்யறேனே" என்பார். கொடுத்து வைத்தவள் நான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம் அவருடைய தங்கை வந்தாள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். அவளுடைய அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இதேபோல இரண்டு கிராபிக்ஸ் உண்டு. அண்ணன் வெளியே போயிருந்தார். அண்ணி ஒரு கடிகாரத் தொழிற்சாலைக்கான பயிற்சிப் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி, இப்படித் திக்குது?"

"வயசாயிடுச்சாம் மெஷினுக்கு. உங்க அண்ணன் சொல்றார்."

"தள்ளுங்க, நான் பாக்கறேன்."

நாத்தனார் டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் கோடு கோடாகத் தெரியும். சின்ன கிராபிக்ஸின் கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. பெரிய கார்டின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பூஜ்யம்.

"அண்ணி, உங்க பெரிய கார்டு சும்மா இருக்கு. எல்லாத்தையும் அந்தச் சின்னது தலையில கட்டியிருக்கீங்க!"

கத்தரி அந்தத் தரைக் கோட்டையே உற்றுப் பார்த்தாள். ஒரு வருடமாக எத்தனை வேலைகள், எத்தனை தலைவலி! அத்தனைக்கும் அந்தச் செங்கல் பக்கத்திலேயே படுத்துக் கிடந்திருக்கிறது.

நாத்தனார் அமைப்புகளுக்குள் போனாள். எந்த மென்பொருள் எந்த கிராபிக்ஸில் ஓட வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல். கை வைக்காமல் இருந்தால் கம்ப்யூட்டரே முடிவு செய்துகொள்ளும். எடிட்டிங் மென்பொருளுக்கு நேராக மட்டும் 'மின்சிக்கனம்' என்று இருந்தது. அதாவது சின்னது. அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு எடிட்டிங் மென்பொருளின் சொந்த அமைப்பையும் திறந்தாள். அங்கேயும் பெரிய கார்டின் டிக் எடுக்கப்பட்டிருந்தது.

"ஒரு எடத்துலன்னா ஏதோ அப்டேட்ல மாறியிருக்கும்னு சொல்லலாம். ரெண்டு எடத்துலயும்னா... யாரோ வேணும்னே மாத்தியிருக்காங்க அண்ணி. இதை யாரெல்லாம் தொடுவீங்க?"

"நானும் உங்க அண்ணனும்தான்."

இரண்டையும் பெரிய கார்டுக்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறந்தார்கள். விசிறிகள் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. காட்சி ஓடியது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. கடிகாரத் தொழிலாளி ஒருத்தி இடுக்கியால் முள்ளை எடுத்து வைக்கிற நெருக்கமான காட்சி. கத்தரி கைதட்டப் போனாள். கை பாதியில் நின்றது.

படம் நடுங்கியது.

முதலில் தொழிலாளியின் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். இல்லை. கையோடு சேர்ந்து மேசை விளிம்பும் நடுங்கியது. பின்னால் இருந்த சுவரும் நடுங்கியது. அடுத்த காட்சி, அதற்கடுத்தது, போன மாதக் கல்யாணம், அதற்கு முந்தைய பள்ளி விழா என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஸ்டாண்டில் வைத்து எடுத்ததெல்லாம் பாறை மாதிரி நின்றது. கையில் பிடித்து எடுத்த அத்தனையிலும் அதே நடுக்கம், மெல்லிசாக, விடாமல். காட்சி திக்கித் திக்கி ஓடியவரை இது அந்தத் திக்கலோடு திக்கலாகக் கலந்து போயிருக்கிறது.

அனுப்பி முடித்த படங்களை ஓட்டினாள். அவற்றில் நடுக்கம் இல்லை. அவள் தூங்கப் போன பிறகோ கடைக்குப் போன நேரத்திலோ அவர் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் அசைவு நீக்கியைப் போட்டுச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் முகம் வெளுத்திருந்தது.

"அப்பாவுக்கும் இப்படித்தான் அண்ணி ஆரம்பிச்சுது. ஊசில நூல் கோக்க முடியல. கடைசில தையல் மெஷினையே வித்துட்டு, பேசாம மூலையில உக்காந்துட்டார். அண்ணா அப்ப கூடவே இருந்தான்."

படிகளில் காலடிச் சத்தம் கேட்டது. கேமராப் பையோடு உள்ளே வந்தவர் பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டார். விசிறிச் சத்தம் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"பெரிய கார்டுக்கு மாத்திட்டியா?" என்றார்.

அந்தக் கேள்விதான் அவளை அடித்துப் போட்டது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. யார் மாற்றியது என்றும் கேட்கவில்லை.

"நீங்கதானா?"

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நடுக்கத்தை நீ பாத்தா அடுத்த நிமிஷமே என் கையிலேர்ந்து கேமராவை வாங்கி வச்சிருப்ப."

"வியாதியை மறைச்சது கூடப் போகட்டும். என் கண்ணையே கட்டிப் போட்டுட்டீங்களே! ஒரு வருஷமா மெஷினைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க பக்கத்துல நின்னு ஆமாம் போட்டிருக்கீங்க!"

"டாக்டர்கிட்ட போனியா அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"போனா அப்பாவுக்கு வந்ததுன்னு சொல்லிடுவாங்கல்ல" என்றார் அவர். ஐம்பதை நெருங்குகிற மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி சொன்னார். கத்தரிக்கு அழுகை வரவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே இரண்டு பெண்களும் அவரை இழுக்காத குறையாக நரம்பு மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். மருத்துவர் கையை நீட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், நடக்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார். "குடும்பத்துல வர்ற கை நடுக்கம்தான் இது. ஏதாவது செய்யறப்போ மட்டும் நடுங்கும். உங்க அப்பாவுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். உயிருக்கு ஒண்ணுமில்ல. மாத்திரையில கொறையும், முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

கத்தரிக்கு அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் அவரோடு சரியாகப் பேச்சு வரவில்லை. சாப்பிடக் கூப்பிடுவாள், சாவியைக் கேட்பாள், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்தக் கார்டு ஓடுகிறது என்று பார்ப்பாள். இப்போதும் பார்க்கிறாள். அவர் அதைக் கவனிப்பார்.

கடிகாரத் தொழிற்சாலைக் காட்சிகளை மறுபடி எடுக்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். காரணத்தை அங்கிருக்கும் பயிற்சி அதிகாரியிடம் அவரே சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். வேலை போய்விடும் என்று அவர் வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார். அதிகாரியின் மேசை முன்னால் நின்று, "எனக்குக் கை நடுங்குது. இனிமே ஸ்டாண்டுல வச்சுத்தான் எடுப்பேன். கையில பிடிக்கிறதை இவங்க எடுப்பாங்க" என்று மனைவியைக் காட்டினார்.

அதிகாரி கையிலிருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "சரி, எடுங்க. ஸ்டாண்டு வைக்க எடம் பத்துமா, மேசையை நகத்தச் சொல்லவா?" என்றார்.

வெளியே வந்ததும் அவர் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார். இரண்டாவது முறையும் கேட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே யாரோ மேசையை இழுக்கிற சத்தம் கேட்டது.