வாஷர் என்ற சொல்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கடத்தூரில் நானும் என் கணவரும் ஆசிரியர்களாக இருந்தோம். பெங்களூரில் இருந்த அவருடைய சித்தப்பாவுக்குக் கண் பார்வை மங்கியதும், அவர் தன்னுடைய பழைய காரை எங்களுக்கே கொடுத்துவிட்டார். கூடவே ஓர் ஆங்கிலப் புத்தகமும் வந்தது. காரை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி என்று, புதிதாகக் கார் வாங்கியவர்களுக்காக எழுதியது.

மெக்கானிக் வேண்டுமென்றால் தருமபுரிக்குப் போக வேண்டும். அதனால் நாங்களே இறங்கினோம். அவர் கணக்கு வாத்தியார், ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். நான் படித்துத் தமிழில் சொல்ல, அவர் செய்வார். பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, குச்சியை உருவி ஆயில் அளவு பார்ப்பது எல்லாம் அப்படிப் பழகியதுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்ற வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்புவதற்குள் அவர் மணிக்கட்டு வெந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "இனிமே முழுசாப் படிச்சுட்டுச் சொல்லு" என்றார். திட்டவில்லை.

ஒரு சனிக்கிழமை எஞ்சின் ஆயில் மாற்றினோம். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கோணியை விரித்து, காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எஞ்சினின் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றியதும் பழைய ஆயில் தார் மாதிரி டின்னில் இறங்கியது.

"அடுத்து என்ன?" என்று கேட்டார்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர் என்று எழுதியிருந்தது. வாஷ் என்றால் கழுவுவது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "புது" என்ற சொல் கொஞ்சம் இடித்தது. தெரியவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"போல்ட்ட நல்லாக் கழுவிட்டு முறுக்கணுமாம்" என்றேன்.

மண்ணெண்ணெயில் பளபளவென்று கழுவி முறுக்கினார். பிறகு புது ஆயிலை ஊற்றினோம்.

மறுநாள் காலையில் காருக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. நேற்றுச் சிந்தியது என்று நினைத்துக்கொண்டோம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நடந்து வீடு திரும்பியபோது, பக்கத்து நிலத்தில் விவசாயம் செய்யும் காட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அவர் மனைவிக்கு வலி கண்டிருந்தது. அந்தம்மாவுக்கு முதல் குழந்தை பிறந்த அன்றே தவறிப்போயிருந்தது. இந்த முறை தருமபுரிப் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிப் போகச் சொல்லி நர்சம்மா முன்பே எச்சரித்திருந்தார்.

அந்தம்மாவைப் பின்சீட்டில் சாய்த்து, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பாதி வழி போயிருப்போம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. என் கணவர் உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். குனிந்து பார்த்தால் ஆயில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னங்க வாத்தியாரே, இப்பப் போயி நிறுத்திட்டீங்க?" காட்டுக்காரர் பதறினார்.

"என் தப்புங்க. நேத்து நான்தான் போல்ட்டச் சரியா முறுக்கல."

பின்சீட்டில் இருந்த எனக்கு அந்தப் "புது" மறுபடியும் இடித்தது. அந்தம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். என் விரல்கள் வலித்தன.

காட்டுக்காரர் நடுரோட்டில் நின்று துண்டை வீசினார். புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் எதுவும் கேட்காமல் கிளீனரை மூட்டை மேல் ஏற்றிவிட்டு, எங்கள் மூவருக்கும் முன்னால் இடம் கொடுத்தார். என் கணவர் காரோடு வெயிலில் நின்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த அரை மணிக்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் வெளியே வரை கேட்டது.

மறுநாள் மெக்கானிக் வந்து காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "வாஷர் எங்கங்க?" என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. பையிலிருந்து மோதிரம் மாதிரி ஒரு செம்பு வளையத்தை எடுத்துக் காட்டினார். "இது இல்லாம எத்தன முறுக்கினாலும் ஒழுகத்தானுங்க செய்யும். நல்லவேளை உடனே நிறுத்தினீங்க, எஞ்சின் தப்பிச்சுது." பழைய வளையம் ஆயிலோடு சேர்ந்து டின்னில் விழுந்திருக்க வேண்டும். என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கிடம், "எங்கியோ தவற வுட்டுட்டேனுங்க" என்றார்.

மெக்கானிக் போனதும் நான் அழுதேன். "எனக்கு அந்தச் சொல் தெரியல. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"எனக்கும்தான் தெரியல" என்றார் அவர்.

எனக்கு அது போதவில்லை. தாயும் பிள்ளையும் ஊருக்கு வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காட்டுக்காரரும் இருந்தார். தப்பு என்னுடையது, வாத்தியாருடையது இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். காட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மா அவரை ஒரு முறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு விடியறப்பவே வலி வந்துருச்சுங்க டீச்சர். மொதத் தடவ மாதிரி ஆயிருமோன்னு பயம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கே மனசு வரல. அதான் வெயிலேறுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. இவருகிட்டயும் இப்பத்தான் சொல்றேன்."

காட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். கோபமோ என்று பயந்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்பு மோர் இருந்தது. "குடிங்க டீச்சர்" என்றார். அந்தம்மா குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டார்.