அம்மா பெயர் தெரியாத கார்டியன்

திருவனந்தபுரத்தில் எந்தப் படிவத்தை வாங்கினாலும் அதில் வீட்டுப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒன்றும் பாக்கியில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் பக்கம் கதவு எண்ணும் தெருப்பெயரும் சொன்னால் தபால்காரர் வந்துவிடுவார். இங்கே வீட்டுக்குப் பெயர் இல்லை என்று சொன்னால் கவுண்டருக்குள் இருப்பவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், பாருங்கள், உடம்பே கூசிப்போகும். “வீட்டுப்பேரு எந்தா?” என்று முதல் தடவை என்னிடம் கேட்டபோது, அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த மேலத்தெருவை நினைத்துக்கொண்டு, மேலேவீடு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவரும் திருப்தியாக எழுதிக்கொண்டார். வலியசாலைக்குப் பின்சந்தில் நான் குடியிருப்பது இரண்டு அறை வாடகை வீடு. அதற்குப் பெயரும் கிடையாது, மேலே ஒரு மாடியும் கிடையாது. ஆனாலும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் காகிதத்தில் நான் மேலேவீட்டுக்காரன். இப்போதெல்லாம் அந்தக் கட்டத்தைக் கண்டாலே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். மகளின் கல்லூரி விண்ணப்பத்தில்கூட அவளையே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

நான் ஒரு கால்பந்து கிளப்பின் விடுதியில் மெஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளப்பின் பெயர் வேண்டாம். கிழக்கேகோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய மாடிவீடு, அதில் பதினெட்டு ஆட்டக்காரர்கள். பந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாருக்கு மீன் ஆகாது, யார் மூன்று முட்டை கேட்டுச் சண்டை போடுவான் என்பது தெரியும். அந்த வருடம் ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று பையன்களைக் கொண்டுவந்தார்கள். மூவரிலும் இளையவன் குவாசி. கானா நாட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு அங்கே அந்தப் பெயராம். பதினைந்து வயது. என்னைவிட ஒரு முழம் உயரம், முகம் மட்டும் பால்குடி மாறாத முகம். வந்த நாள் புட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டான். மறுநாள் பழுத்த ஏத்தம்பழத்தை, நம் நேந்திரம்பழம்தான், நறுக்கி எண்ணெயில் பொரித்து வைத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டவன் மெல்லுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான். “மை மதர்” என்றான். அவன் அம்மாவும் இதைத்தான் பொரித்துக் கொடுப்பாளாம், கொஞ்சம் காரம் போட்டு. அன்றிலிருந்து அடுக்களை வாசலே அவன் இடம் ஆயிற்று. ‘சாப்பிட்டியா?’ என்று நான் கேட்பதை அவன் வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் “சாப்பிட்டியா?” என்பான். பழவங்காடி கணபதி கோவில் வாசலில் தேங்காய் விற்கிற ஒருவர் அவனிடம் பத்து நிமிடம் தன் காலைச் சாப்பாட்டை விவரித்தார்.

ஒருநாள் கிளப்பின் செக்ரட்டரி சார் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் முத்திரைத்தாள் ஒன்று. “அண்ணாச்சி, இவிட ஒரு ஒப்பு. பேடிக்கண்டா” என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து, பயப்படாமல் இங்கே ஒன்று போடு என்கிறார். விஷயத்தை அவர் மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பையனை ஆட்டத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்யக் கூடாது என்று உலக அளவில் ஒரு சட்டம். பெற்றவர்கள் வேறு காரணத்துக்காக அங்கே குடிவந்திருந்தாலோ, பையன் படிப்புக்காக வந்து ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தாலோ விதிவிலக்கு உண்டு. ஆகவே, குவாசி படிப்புக்காக என் குடும்பத்தோடு இருக்கிறான், அவனுடைய அம்மா எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவள், நான் அவன் கார்டியன் என்று அந்தத் தாளில் இருந்தது. மற்ற இரண்டு பையன்களுக்கும் வேறு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாயிற்றாம். வீட்டுப்பெயர் கட்டத்தில் மேலேவீடு என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அட முட்டாளே என்று நீங்கள் திட்டலாம். ஆனால் இந்த ஊருக்கு வந்த நம்மாட்களைக் கேளுங்கள், அத்தனை பேரும் போட்டிருப்பார்கள். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருத்தன் வந்து இறங்கினால், ‘நம்ம வீட்டுப் பையன்’ என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். அப்படிச் சொன்னால்தான் வேலை, ரேஷன், ஒண்டிக்கொள்ள ஒரு மூலை. என் ரேஷன் கார்டிலேயே எனக்குப் பிறக்காத இரண்டு பேர் இருந்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான். பதினான்கு வயதில் ஒரு பாத்திரக் கடைக்கு வேலைக்கு வந்தேன். ஊர்க்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி என்னைத் தன் தங்கை மகன் என்றும் பதினெட்டு முடிந்தவன் என்றும் சொல்லித்தான் சேர்த்துவிட்டார். எங்களுக்கு அது பொய்யாகவே படவில்லை. ஒருத்தனுக்குச் சோறு போடுவதுபோல அதுவும் ஒரு உபகாரம், அவ்வளவுதான்.

என் மனைவிக்கு மட்டும் அது பொய்யாகப் பட்டது. “யாரு பெத்த பிள்ளைக்கோ நீங்க என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீய? நாளைக்கு ஒண்ணுன்னா போலீஸு நம்ம வீட்டுக்கில்லா வரும்?” என்று ஒரு பிடி பிடித்தாள். “சும்மா கெட, வெறும் கடுதாசிதான” என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குவாசி எங்கள் வீட்டுக்கு வருவான். யாராவது கேட்டால் சொல்வதற்காக, மேலேவீடு, வலியசாலை என்ற விலாசத்தை என் மகள் அவனுக்கு மனப்பாடம் செய்வித்தாள். என்னைக் காட்டி ‘மாமா’ என்று சொல்லவும் பழக்கினாள். அவன் அதைச் சொல்லும்போது மனைவிகூடச் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு, “இவன் அம்ம எப்படித்தான் தனியா அனுப்பினாளோ” என்பாள். அவள் அப்படிச் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லீக் ஆட்டம் ஒன்றில் குவாசி இரண்டு கோல் போட்டான். தோற்ற அணிக்காரர்கள் அவன் வயதைக் கேட்டு எழுதிப் போட்டார்கள். அவ்வளவுதான், புற்றைக் கிளறினதுபோல ஆயிற்று. கால்பந்துச் சங்கம் விசாரணைக் குழு வைத்தது. வெளிநாட்டுக்காரர்களைக் கவனிக்கிற போலீஸ் பிரிவிலிருந்து இரண்டு பேர் விடுதிக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். நான் அப்போது மார்க்கெட்டில் இருந்தேன். திரும்பி வந்து கேள்விப்பட்டதும் பையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். குவாசியைக் காணோம். தேடினால், சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், அந்த நெடிய உடம்பை நாலாக மடித்து உட்கார்ந்திருக்கிறான். முகமெல்லாம் அரிசித் தவிடு. “அங்கிள், பிரிசன்?” என்றான். “நோ பிரிசன்” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு இங்கிலீஷும் இல்லை, தைரியமும் இல்லை. நானும் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது, நிஜமாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது? சந்துமுனையில் காக்கி நிறத்தில் ஒரு சட்டை தெரிந்தால் போதும், நான் வந்த வழியே திரும்பிவிடுவேன். மின்கணக்கு எடுக்க வந்தவரைக் கண்டு என் மனைவி பட்டப்பகலில் கதவைத் தாழ்போட்டாள். சொந்த ஊரில் இருப்பவனுக்குப் போலீஸ் என்றால் ஒரு பயம். பிழைக்க வந்தவனுக்கு அது வேறு பயம். யாரிடம் போய் நிற்பது என்று ஒரு முகமும் ஞாபகத்துக்கு வராது. செக்ரட்டரி சார் கூப்பிட்டு அனுப்பினார். “அண்ணாச்சி, மாமன்னு பறஞ்ஞா மதி. நிங்ஙள் மாறிப் பறஞ்ஞா கிளப்பும் போகும், குட்டியும் போகும். அதுல இருக்கிறது உங்க ஒப்பாணு, மறக்கண்டா” என்றார். மாமன் என்று சொன்னால் போதுமாம், தாளில் இருப்பது என் கையெழுத்தாம். பொய்யில் உறுதியாக நின்றால் பையன் ஆடுவான், எனக்கும் வேலை இருக்கும். உண்மையைச் சொன்னால் எல்லாம் போகும், பொய்க் கையெழுத்துக்குக் கோர்ட்டும் வரும். குவாசியும் போக விரும்பவில்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று அவன் என் மகளிடம் சொல்லியிருக்கிறான். யோசிக்க என்ன இருக்கிறது? பொய்யையே சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். குவாசியைப் பக்கவாட்டில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவனிடம் முன்னமே கேட்டாயிற்று. மாமா என்று சொல்லியிருக்கிறான், விலாசத்தை முழுசாக ஒப்பித்திருக்கிறான். என்னிடமும் விலாசம் கேட்டார்கள், சொன்னேன். எத்தனை மாதமாக உங்கள் வீட்டில் இருக்கிறான் என்றார்கள், சொன்னேன்.  நடுவில் இருந்த பெரியவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, சாவகாசமாக, “குட்டியுடெ அம்மயுடெ பேரெந்தா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவள் பெயர் தெரியவில்லை! ஏழு மாதம் அந்தப் பையனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், ஒருநாள் கேட்கத் தோன்றவில்லை. பெஞ்சில் குவாசியின் உதடுகள் அசைந்தன. எனக்குச் சொல்லித் தருகிறான். கண் பிதுங்க, சத்தமில்லாமல், திரும்பத் திரும்ப. அந்த முகத்தை நான் அறிவேன். பாத்திரக் கடைக்கு லேபர் ஆபீசர் வந்த நாளில் அது என் முகம். அவர் சுடலைமுத்து அண்ணாச்சியிடம் “தங்கச்சி பேரு?” என்று கேட்டார். அண்ணாச்சி தயங்காமல் “லட்சுமி” என்றார். என் அம்மா பெயர் பேச்சியம்மாள். ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்புறம், அம்மாவின் பெயரோடு கடைக்குக் கடிதம் வந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, எழுத வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவளும் எழுதவில்லை. மறுபடி அந்தப் பெயர் கடைக்கு வந்தது தந்தியில்தான், அவள் இறந்துபோனதைச் சொல்ல. அப்போது எனக்குப் பதினேழு வயது.

“தெரியாது சார்” என்றேன். “இவன் எங்க வீட்டுப் பையன் இல்ல. இவனுக்கு அம்மா இருக்கா. நான் மெஸ்ஸுல சோறு போடுதவன்.” மலையாளத்தில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆனால் பெரியவருக்குப் புரிந்தது. குவாசிக்கும் புரிந்தது. ‘இல்ல’ என்ற சொல் அவனுக்குத் தெரியும், மீன் இல்ல, முட்டை இல்ல என்று தினமும் கேட்கிற சொல்தானே. அவன் உதடு அசைவது நின்றது. அவன் முகத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

கிளப்பு இரண்டு சீசனுக்கு யாரையும் புதிதாகப் பதிவு செய்யக் கூடாது என்று தீர்ப்பு வந்தது, அபராதமும். மூன்று பையன்களையும் அவரவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். செக்ரட்டரி சார் கோபப்படவில்லை. “அண்ணாச்சி நாளை வண்டி ஏறி நாட்டுக்குப் போகும். ஞங்ஙளோ?” என்று மட்டும் கேட்டார். இங்கேயே இருக்கிற நாங்கள் எங்கே போவது என்கிறார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் வண்டி ஏறிப் போகிறவன்தான் போலிருக்கிறது. மெஸ்ஸை மூடினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு முறை உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். கேஸ் வரும் என்றார்கள், இதுவரை வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. குவாசி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அடுக்களை வாசலுக்கு வரவே இல்லை. ஏத்தம்பழம் பொரித்து மகளிடம் கொடுத்தனுப்பினேன், அப்படியே திரும்பி வந்தது.

மும்பை வழியாக விமானம். விடுதி வேனில் நானும் ஏறிக்கொண்டேன், யாரும் இறங்கச் சொல்லவில்லை. சங்குமுகம் கடல் தெரியும்போது துணிந்து குவாசியிடம், “யுவர் மதர் நேம்?” என்றேன். வெளியே பார்த்துக்கொண்டே, “அஃபுவா” என்றான். வெள்ளிக்கிழமை பிறந்தவளாம். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு விசாரணைக் குழு வேண்டியிருந்தது. விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் அவன் சீட்டைப் பார்த்துவிட்டு, என் நெஞ்சுக்கு நேரே கையை நீட்டித் தடுத்தார். “இது ஆரா?”  இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிட்டுத்தானே வந்திருக்கிறேன், இல்லை என்று. குவாசி திரும்பினான். என்னைப் பார்க்காமல், காவலரைப் பார்த்து, மகள் பழக்கிய அதே ராகத்தில், “மாமா. மேலேவீடு, வலியசாலை” என்றான். இனிமேல் அதைச் சொல்லி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. காவலர் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். கண்ணாடிக் கதவு வரை போனேன். அவன் உள்ளே போய்விட்டான்.

வெளியே வந்து ஒரு ஆட்டோவில் உட்கார்ந்தேன். “எங்கோட்டா அண்ணாச்சி?” என்றார் ஓட்டுநர். மேலேவீடு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அப்படி ஒரு வீடு இந்த ஊரில் எங்கேயும் இல்லை. அதன் விலாசம் தெரிந்த இன்னொருவன் அப்போதுதான் விமானம் ஏறிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் இரண்டாம் முறை கேட்டார்.