மடை வைக்க மறந்த கரை

போன செவ்வாய்க்கிழமை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஆபீஸ் விட்டதும் குடும்பத்தோடு பீச்சுக்குப் போவார்கள். எத்தனையாம் நம்பர் கூண்டு என்று அண்ணாந்து பார்ப்பார்கள். சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள்.

நானும் போனேன். மற்ற வருஷங்களில் கூண்டைப் பார்த்தால் சுண்டல் வாங்கவே தோன்றாது. இந்தத் தடவை நிம்மதியாகச் சுண்டல் இறங்கியது. எங்கள் தெருவுக்குத்தான் கரை இருக்கிறதே?

அந்தக் கரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் அதைப் பற்றி நீட்டி முழக்கி எழுதியிருந்தேன். எங்கள் தெரு கிழக்கே போகப் போகத் தாழ்ந்து, கழிமுகத்து ஓடையில் போய் முடியும். காற்று பலமாக அடித்தால் அந்த வழியாகக் கடல் உள்ளே வந்துவிடும். தனுஷ்கோடிக்கு வந்த கதி நமக்கும் வரவேண்டுமா என்று கேட்டு மளிகைக்கடை அண்ணாச்சி ஒரு கமிட்டி போட்டார். அவர் தலைவர், நான் செயலாளர். உப்புச் சாக்குகளில் மண் நிரப்பி, களிமண் பூசி, தெருமுனையை மார்பளவு உயரத்துக்கு அடைத்தோம். அதன் மேல் கமிட்டி உறுப்பினர்களின் பெயர்களைப் பெயிண்டில் எழுதி ஒரு பெரிய பலகையும் நட்டோம். முதலில் அண்ணாச்சி பெயர், அடுத்தது என் பெயர்.

அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. இப்போது எழுதிவிடுகிறேன்.

கமிட்டிக் கூட்டத்துக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தார். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பதினைந்து வருஷமாக உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். தெருவின் கடைசி வீடு, கரையை ஒட்டிய மண்சுவர் வீடு, அவருடையது. அளத்துக் கூலியில் மிச்சம் பிடித்து அவரே கட்டியது. இரண்டு பெண்பிள்ளைகளோடு அதில் இருக்கிறார். கூட்டத்தில் கடைசியாக நின்றிருந்தவர், "மடை எங்கன வைக்கப் போறிய?" என்று கேட்டார்.

நான் உடனே எழுந்து, "இது என்ன உப்பளமா, மடை வைக்க? நாம் கடலை வெளியே நிறுத்தப் பார்க்கிறோம், நீங்கள் கதவு திறந்து கூப்பிடச் சொல்கிறீர்களே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். செயலாளர் நன்றாகப் பேசினார் என்று அண்ணாச்சி எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

சரி, புயலுக்கு வருவோம். வந்ததா? வரவில்லை... வழியிலேயே மனம் மாறி வடக்கே எங்கோ போய்விட்டதாக வியாழக்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள். ஆனால் மழையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தது. ஊருக்கு மேற்கே கரிசல் காட்டில் பெய்த மழையெல்லாம் திரண்டு தெருத்தெருவாக இறங்கியது. நாங்கள் அத்தனை பேரும் கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் முதுகுப் பக்கமாக வந்தது. வழக்கமாக எங்கள் தெரு வழியாக ஓடைக்குப் போய்விடுகிற தண்ணீர்தான். இந்தத் தடவை எங்கே போகும்? கரை இருக்கிறதே. நல்ல கரை. ஒரு சொட்டு கசியவில்லை.

ஒன்பது மணிக்கு நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனபோது, கடைசி வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பிள்ளைகள் இருவரையும் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றிவிட்டு, பேச்சியம்மாள் மட்டும் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிச்சுவர் ஊறி உப்பியிருந்தது. மண்சுவர் எத்தனை மணி நேரம் தாங்கும்?

அவர் என்னிடம் பேசவில்லை. நேராக அண்ணாச்சி கடைக்குப் போய், கரையை வெட்டிவிடச் சொன்னார். அண்ணாச்சிக்கு மனமில்லை. துறைமுகத்தில் கூண்டை இன்னும் இறக்கவில்லை. கரைக்குப் பக்கத்தில்தான் அவர் குடோன்; மேடை கட்டி எழுப்பியதால் மழைத்தண்ணீர் இன்னும் உள்ளே ஏறவில்லை, தீபாவளிக்கு எடுத்த சீனி மூட்டைகள் தரையில் இருக்கின்றன. வெட்டிய பிறகு கடல் உள்ளே வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"இப்பம் கடல் வத்துத நேரம், அண்ணாச்சி. உள்ள கெடக்க தண்ணி வெளியவிட ஒரு முழம் ஒசரமா நிக்கி. நீங்களே கரையில ஏறி பாருங்க. சாயந்தரம் கடல் ஏறும். அதுக்குள்ள நான் அடைச்சித் தாரேன்."

அண்ணாச்சி ஏறிப் பார்த்தார். நானும் ஏறினேன். ஓடையில் சேறு தெரிந்தது, நண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் எங்கள் தெரு குளமாக நின்றது. கடலுக்காகக் கட்டிய கரையில், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தோம்.

அண்ணாச்சி இறங்கி, கடைக்குப் போய் மண்வெட்டி கொண்டுவந்தார். முதல் வெட்டு அவர் வெட்டியதுதான். பிறகு தெருவே சேர்ந்து வெட்டியது. தண்ணீர் இரைச்சலோடு ஓடைக்குப் பாய்ந்தது. மத்தியானத்துக்குள் தரை தெரிந்தது.

ஆனால் பேச்சியம்மாளின் அடுப்படிச் சுவர் காத்திருக்கவில்லை. பதினொரு மணிக்கே, பெரிய சத்தம் கூட இல்லாமல், அப்படியே உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.  பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மடை அடைக்க ஒரு பலகை வேண்டும் என்றார்.

அன்று ஏற்பட்ட வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊர் இது. கடல் ஏறும்போது மடையை அடைப்பதும், வற்றும்போது திறப்பதும் இங்கே தினசரி வேலை. அதைச் செய்கிறவர் எழுந்து நின்று கேட்டார். நான் ஜோக் அடித்தேன்.

எங்கே போவது பலகைக்கு? மழையில் மரக்கடை திறக்கவில்லை. மத்தியானம் தாண்டிக் கடல் ஏறத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கரை மேல் இருந்த பெயர்ப் பலகையை ஆட்டிப் பிடுங்கினார். "இது போதுமால்லா, பேச்சியம்மா?" என்று கேட்டார். பேச்சியம்மாள் அதை வாங்கி, கையால் அளந்து பார்த்து, வெட்டிய இடத்தில் செருகி, ஓரத்தில் களிமண் அப்பினார். கச்சிதமாகப் பொருந்தியது. சாயந்தரம் கடல் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அடுப்படிச் சுவரைக் கமிட்டி செங்கலில் கட்டிக் கொடுக்கிறது. கொத்தனார் நேற்று வந்துவிட்டார். நடந்ததையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது இதுதான்.

"எழுதுங்க சார். மத்த தெருவுலயும் கரை போடப் போறாவளாம். மடையையும் சேத்து எழுதுங்க."

எழுதிவிட்டேன். கரை போடுகிறவர்கள் தயவுசெய்து மடையும் வையுங்கள். அதைவிட முக்கியம், கூட்டத்தில் கடைசியாக நிற்பவரைப் பேச விடுங்கள்.

பெயர்ப் பலகை மடையிலேயே இருக்கிறது. தினமும் பேச்சியம்மாள்தான் அதைத் தூக்குகிறார், இறக்குகிறார். கடல் ஏறும்போது தண்ணீர் என் பெயர் வரைக்கும் வந்து நிற்கிறது... இத்தனை வருஷமாக எழுதுகிறேன், என் பெயரால் ஊருக்கு உபயோகம் என்பது இதுதான் முதல் தடவை.