ஸ்ரீரங்கம் அடுக்ககத்தில் சென்சார் வைத்த கதை

மே மாதம் ஒரு தடவையும் ஜூலையில் ஒரு தடவையும் ஸ்ரீரங்கம் போய் வந்தேன். அங்கே நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில் அக்கா குடியிருக்கிறாள். ஹால் சுவரில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒரு விரிசல். "படுத்தா தூக்கமே வரலை, ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்றாள்.

சென்னையில் காலை ஆறு மணி ரயில். பத்தேகாலுக்குத் திருச்சி ஜங்ஷன். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். நான் தயங்கியதும், "ஒண்ணாம் நம்பர் பஸ் அந்தா நிக்குது, ஏறிக்குங்க" என்று அவரே காட்டினார். சுமார் ஒன்பது கிலோமீட்டர்.

என் கல்லூரித் தோழி நிர்மலா துவாக்குடியிலிருந்து வந்திருந்தாள். கட்டடங்களில் சென்சார் பொருத்திப் பழுது கண்டுபிடிப்பது அவள் வேலை. தீப்பெட்டி அளவுதான், வயர் கிடையாது. விரிசல்மேல் ஒன்று வைத்தாள். கீழே கார் நிறுத்துமிடத் தூண்களிலும் ஒவ்வொன்று. விரிசல் அகலுகிறதா, தூண் சாய்கிறதா என்று அளந்து அவள் லேப்டாப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்குமாம்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் சேவியர் சார் சிரித்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், முதல் மாடிக்காரர். "இப்பத்தானே பெயின்ட் அடிச்சோம், தூணுக்கு எதுக்கும்மா வைத்தியம்?"

"இருக்கட்டும் சார். யாரும் கழட்டாம மட்டும் பாத்துக்குங்க" என்றாள் நிர்மலா.

ஜூலையில் போனபோது நிர்மலா முடிவைக் காட்டினாள். அக்கா வீட்டு விரிசல் பகல் வெயிலுக்குக் கொஞ்சம் அசைந்து, இரவில் பழைய நிலைக்கே வந்தது. பயமில்லை. ஆனால் கீழே ஒரு தூண் வாரத்துக்கு வாரம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்கு நேர் மேலே சேவியர் சார் வீடு.

அக்கா உடனே வாட்ஸ்அப் குழுவில் போடப் போனாள். நிர்மலா தடுத்துவிட்டு, நேராகப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் லேப்டாப்பில் அளவுகளைப் பார்த்தார். "என் பேத்தி அங்கதான் சைக்கிள் ஓட்டுவா" என்றார்.

அன்றே பூச்சை உடைத்துப் பார்த்தார்கள். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. இரும்பு முட்டுக் கொடுத்து, அந்தத் தூணுக்கு மேலிருந்த வீடுகளைக் காலி செய்தார்கள். சேவியர் சார் குடும்பம் திருவானைக்காவலில் வாடகை வீட்டுக்குப் போனது.

உங்கள் கட்டடத்திலும் வைக்க நினைத்தால், சில வாரங்களாவது விட்டுவையுங்கள். இரண்டு நாள் அளவை நம்பாதீர்கள். கண்ணில் படும் விரிசலோடு நிற்காமல் கீழ்த்தளத் தூண்களிலும் வையுங்கள். முடிவு எதுவானாலும், அந்த வீட்டுக்காரரிடம் முதலில் நேரில் சொல்லுங்கள்.

நிர்மலா கதவைத் தட்டிய அன்று மாலை குழுவில் ஒரே ஒரு செய்திதான் வந்தது. சேவியர் சாரே எழுதியிருந்தார்: "என் வீட்டுக்குக் கீழ் உள்ள தூண் சரியில்லை. நான்தான் கவனிக்கவில்லை. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்."